ஒரு சொட்டு ரத்தம் யாருக்குப் பதில் சொல்கிறது?

காரைக்காலில் என் வைத்தியசாலைக்கு நான்கு தெரு தள்ளி மளிகைக் கடை வைத்திருந்தார் ஒரு நண்பர். வயது 58. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. 2021-ம் வருடம் மார்ச் மாதம் ஒருநாள் காலை, கையில் ஒரு தாளோடு சிரித்த முகமாக வந்தார்.

"டாக்டரய்யா, எனக்குக் கொரோனா எப்பவோ வந்துட்டுப் போயிருக்காம். ரத்தத்துல ஆன்டிபாடி இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இனிமே எனக்கு ஊசி எதுக்கு, முகமூடி எதுக்கு?"

தாளை வாங்கிப் பார்த்தேன். 'பாசிட்டிவ்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு எண் இருந்தது. வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். "நல்லதுதான், இருந்தாலும் ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வயதுக்கும் சர்க்கரைக்கும் அப்போதே தடுப்பூசி போட ஆரம்பித்திருந்தார்கள். அவர் போட்டுக்கொள்ளவில்லை. மே மாதம் இரண்டாவது அலையில் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

இதற்குப் பத்து மாதம் முன்னால், 2020 மே மாதம், இதே சோதனையைப் பற்றி இன்னொரு கேள்வி எனக்கு வந்தது. அது பாரிஸிலிருந்து. நம் ஊரில் 'சொல்தா' குடும்பம் என்றால் எல்லோருக்கும் தெரியும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள் வீடு. அப்படி ஒரு வீட்டுப் பையன் அங்கே குடும்பத்தோடு இருக்கிறான். ராத்திரி போன் பண்ணினான்.

"மாமா, கவர்மென்ட்லேருந்து ஒரு கவர் வந்திருக்கு. உள்ளே ஒரு சின்ன ஊசிமுனை, வட்டம் போட்ட ஒரு அட்டை. நாமளே விரல்ல குத்தி, ரத்தத்தை அட்டையில தொட்டு வச்சு, காய வச்சு, தபால்ல அனுப்பணுமாம். அனுப்பலாமா?"

"தாராளமா அனுப்புப்பா" என்றேன்.

ஒரே மாதிரி சோதனைதான். ஒருவனை 'அனுப்பு' என்றேன். இன்னொருவரிடம் 'இதை நம்பி உட்காராதீர்கள்' என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டேன். ஏன் இப்படி இரண்டு விதம் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. வாசகர்களே, ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். நாளை உங்கள் வீட்டு வாசலிலும் ஒருவர் அட்டையும் ஊசிமுனையுமாக வந்து நிற்கலாம்.

ஆன்டிபாடி என்றால் என்ன?

நம் ஊரில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் ஜனங்கள் மாங்கனிகளை வாரி இறைப்பார்கள். மறுநாள் காலையில் வெளியூரிலிருந்து வருகிற ஒருவர் ஊர்வலத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் தெருவில் கிடக்கிற மாங்கொட்டையையும் தோலையும் பார்த்தாலே, 'ஓகோ, இந்தத் தெரு வழியாகச் சுவாமி போயிருக்கிறார்' என்று சொல்லிவிடுவார்.

ஆன்டிபாடியும் அப்படி ஒரு தடயம்தான். ஒரு கிருமி உடம்புக்குள் நுழைந்தால், அதற்கென்றே பொருந்துகிற ஒரு புரதத்தை நம் ரத்த வெள்ளையணுக்களின் ஒரு பிரிவு தயார் செய்கிறது. அது அந்தக் கிருமியைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். கிருமி போன பிறகும் அந்தப் புரதம் சில மாதமோ சில வருடமோ ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தடுப்பூசி போட்டாலும் இது உண்டாகும்.

ஆக, ஆன்டிபாடி இருக்கிறது என்றால் கிருமியோ ஊசியோ இந்த வழியாக வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். எப்போது வந்தது, மறுபடி வருமா, வந்தால் எவ்வளவு தாங்குவீர்கள் என்பதையெல்லாம் மாங்கொட்டை சொல்லாது!

ஐஸ் பெட்டியும் இரவு ரயிலும்

முன்பெல்லாம் ஆன்டிபாடி பார்க்க வேண்டுமென்றால் கை நரம்பில் ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். அதைச் சுழற்றித் தெளிந்த நீரைப் பிரிக்க வேண்டும். கெடாமல் ஐஸில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதில் எவ்வளவு சிரமம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு.

1986-ம் வருடம். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்றே யாருக்கும் தெரியாத காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி ஒருவரை இந்த ஆராய்ச்சியில் இறக்கினார். அந்த மாணவி எடுத்த ரத்த மாதிரிகளைச் சேர்த்து வைக்கச் சரியான வசதி இல்லை. தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தார். பிறகு ஐஸ் பெட்டியில் அடுக்கி, இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. ஆன்டிபாடி இருந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

நூறு பேர் மாதிரியை ஐஸ் பெட்டியில் சுமக்கலாம். ஒரு லட்சம் பேர் மாதிரியை? குக்கிராமங்களிலிருந்து? மலைமேல் இருந்து? அங்கேதான் காகிதம் கைகொடுத்தது.

காகிதத்தில் காய்ந்த ரத்தம்

அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்ற மருத்துவ விஞ்ஞானி, பிறந்த குழந்தைகளுக்கு வருகிற ஒரு பிறவிக் குறைபாட்டை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி தேடினார். பச்சைக் குழந்தையின் நரம்பில் ஊசி போடுவது கஷ்டம். அதனால் குதிகாலில் லேசாகக் குத்தி, வருகிற சொட்டை வடிதாள் மாதிரியான ஒரு தடித்த தாளில் உறிஞ்சவைத்துக் காயவைத்தார். இது 1960-களின் தொடக்கம். இன்றைக்கு உலகம் முழுக்கப் பிறந்த குழந்தைகளுக்குச் செய்கிற பரிசோதனைகளில் இந்த அட்டைதான் பயன்படுகிறது.

ரத்தம் கெடுவது எதனால்? ஈரத்தால்தான். ஈரம் போய்விட்டால் அதிலுள்ள புரதங்கள் அப்படியே உறங்கிவிடுகின்றன. இது எங்கள் சித்த மருத்துவத்துக்குப் புதிதில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரியில் நான் படித்தபோது மூலிகைகளை 'நிழலில் உலர்த்து' என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வெயிலில் போட்டால் சத்துப் போகும். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ரத்த அட்டைக்கும் அதே சட்டம்தான்!

வீட்டிலேயே எடுப்பது எப்படி?

பாரிஸ் பையனுக்கு வந்த மாதிரியான பெட்டிகளில் படம் போட்ட விளக்கத் தாள் இருக்கும். பொதுவான முறை இது:

1. கையைச் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். கை சில்லென்று இருந்தால் ரத்தம் வராது. கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி நீவிவிட வேண்டும்.

2. நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில், நடுவில் குத்தாமல் சற்றுப் பக்கவாட்டில் குத்த வேண்டும். நடுவில் நரம்பு நுனிகள் அதிகம், வலிக்கும். பக்கவாட்டில் எறும்பு கடித்த மாதிரிதான்.

3. முதல் சொட்டைச் சுத்தமான பஞ்சால் துடைத்துவிட வேண்டும். அதில் தோலின் நீர் கலந்திருக்கும்.

4. அடுத்த சொட்டு தானாகப் பெரிதாகித் தொங்கும்போது, அட்டையில் உள்ள வட்டத்தில் அதைத் தொடவைக்க வேண்டும். வட்டம் நிறையத் தாளே உறிஞ்சிக்கொள்ளும். விரலை அழுத்தித் தேய்க்கக்கூடாது. ஒரு சொட்டின் மேலேயே இன்னொரு சொட்டு வைக்கக்கூடாது.

5. அட்டையை மட்டமாக வைத்து, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் சில மணி நேரம் உலரவிட வேண்டும். சிவப்பாக இருந்த சொட்டு கருஞ்சிவப்பாகி ஈரம் போய்விடும். அடுப்புப் பக்கம் வைப்பது, தலைமுடி காயவைக்கிற மெஷினைக் காட்டுவது எல்லாம் கூடாது.

6. நன்றாகக் காய்ந்தபின் கவரில் போட வேண்டும். கூடவே ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். புதுச் செருப்பு டப்பாவில் பார்த்திருப்பீர்களே, அந்த சிலிகா ஜெல்தான். மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரை ஊர்களில் அப்பளம்கூட நமுத்துப்போகும். அந்த மாதங்களில் அட்டை காய இன்னும் நேரம் பிடிக்கும். ஈர அட்டையைக் கவரில் திணித்தால் எடுத்த ரத்தம் வீண்தான்.

குத்திய ஊசிமுனையை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. புருஷன் குத்தியதில் மனைவி குத்திக்கொள்வது, அம்மா குத்தியதில் பிள்ளை குத்திக்கொள்வது மகா தவறு. ஆளுக்கு ஒன்று என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

அட்டை போய்ச் சேர்ந்ததும், ரத்தம் காய்ந்த இடத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பொட்டை மிஷின் வெட்டியெடுக்கும். நெற்றியில் வைக்கிற சின்ன ஸ்டிக்கர் பொட்டு அளவுதான். அதில் ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்குதான் இருக்கும்! அதை உப்புக் கரைசலில் ஊறப்போடுவார்கள். உறங்கிக் கிடந்த ஆன்டிபாடி கரைந்து வெளியே வரும்.

அடுத்தது 'எலிசா' சோதனை. சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் கிருமியின் ஒரு துண்டுப் புரதத்தை முன்பே ஒட்டியிருப்பார்கள். ஊறிய நீரை அதில் விட்டால், பொருத்தமான ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். பிறகு நிறம் காட்டுகிற ஒரு மருந்தை விடுவார்கள். ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் நிறம் மாறும். எவ்வளவு நிறம் என்பதை மிஷின் அளந்து சொல்லும்.

இந்தக் காகித முறைக்கு ஒரு குறை உண்டு. சோகை உள்ளவர் ரத்தம் நீர்த்திருப்பதால் தாளில் அகலமாகப் பரவும். கெட்டியான ரத்தம் குறைவாகப் பரவும். அதனால் ஒரே அளவு பொட்டில் இருக்கிற ரத்தத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். 'இருக்கிறதா, இல்லையா' என்று கேட்டால் இந்த முறை நன்றாகவே பதில் சொல்லும். 'துல்லியமாக எவ்வளவு' என்று கேட்டால் நரம்பில் எடுத்த ரத்தமே மேல்.

ஊருக்குச் சொன்ன சேதி

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இத்தனை பாடு எதற்கு?

2005-06ல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை இந்தியாவில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. என்ற கணக்கைப் பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிற கர்ப்பிணிகள், பால்வினை நோய்க்குச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் போன்றவர்களை வைத்துத்தான் போட்டார்கள். அப்படிப் போட்டதில் 50 லட்சத்துக்கு மேல் என்று வந்தது.

அந்தக் கணக்கெடுப்பில் முதல்முறையாக வீடு வீடாகப் போய், விரலில் குத்தி, காகிதத்தில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களுடைய அட்டைகள் காய்ந்த நிலையில் ஆய்வகத்துக்குப் போயின. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 0.28 சதவீதம் பேருக்குத்தான் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. கண்காணிப்பு மையங்களையும் அந்தச் சமயம் அதிகப்படுத்தியிருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, 2007-ல் இந்தியாவின் கணக்கை சுமார் 25 லட்சம் என்று திருத்தினார்கள். பாதிக்குப் பாதி!

எதனால் இந்த வித்தியாசம்? ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணினால் வருகிறவர்கள்தான் கணக்கில் விழுவார்கள். வீட்டில் சௌக்கியமாக இருப்பவர்களும் கணக்கில் வந்தால்தான் ஊரின் உண்மை நிலவரம் தெரியும்.

கொரோனாவில் இது நேர்மாறாக நடந்தது. அங்கே ஆஸ்பத்திரிக் கணக்கு ரொம்பக் குறைச்சலாகக் காட்டியது. பாதிப் பேருக்கு அறிகுறியே தெரியாமல் வந்து போனால் யார் சோதனைக்குப் போவார்கள்? 2020 மே, ஜூனில் ஐ.சி.எம்.ஆர். 21 மாநிலங்களில் 28,000 பேரிடம் நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்தது. ஆன்டிபாடி இருந்தது 0.73 சதவீதம் பேருக்குத்தான். 'பூ, இவ்வளவுதானா!' என்று தோன்றும். ஆனால் ஜனத்தொகையோடு பெருக்கிப் பார்த்தால் மே தொடக்கத்துக்குள் சுமார் 64 லட்சம் பேருக்குத் தொற்று வந்திருந்தது. நம் யூனியன் பிரதேசத்தில் புதுச்சேரி மாவட்டத்தில் ஜிப்மர் மருத்துவர்கள் அதே வருடம் மூன்று முறை சோதித்தார்கள். ஆகஸ்டில் 4.9 சதவீதம், செப்டம்பரில் 20.7, அக்டோபரில் 34.5. இரண்டே மாதத்தில் மூன்றில் ஒருவருக்கு வந்து போயிருந்தது!

ஊரடங்கு நேரத்தில் வீடு வீடாகப் போக முடியாத நாடுகள் தபாலை நம்பின. பிரான்சில் 'எபிகோவ்' என்ற ஆய்வு நடந்தது. நம் பையனுக்குக் கவர் வந்தது அதில்தான். குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கே அட்டையை அனுப்பி, அவர்களே எடுத்த ரத்தத்தைத் தபாலில் வாங்கிச் சோதித்தார்கள். 2020 மே மாதத்தில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.5 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. பாரிஸ் வட்டாரத்தில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. நெருக்கடியான வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு அதிகம் என்பதும் தெரிந்தது. எந்தப் பேட்டைக்கு முதலில் உதவி போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவிலும் தேசிய சுகாதார நிறுவனம் இதே போல் செய்தது. காகிதத்துக்குப் பதில், ரத்தத்தை உறிஞ்சுகிற தூரிகை நுனி மாதிரி ஒரு சின்னக் கருவியை வீட்டுக்கு அனுப்பினார்கள். 'எனக்குக் கொரோனா வரவில்லை' என்று சொன்ன எட்டாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பார்த்ததில், 4.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும், தெரியாமலே வந்து போனவர்கள் கிட்டத்தட்ட ஐந்து பேர் என்று கணக்கு வந்தது.

உங்களுக்கு அது சொல்லாதது

இப்போது என் மளிகைக்கடை நண்பரிடம் வருவோம். ஊருக்கு இவ்வளவு சரியாகச் சொல்கிற சோதனை, அவருக்கு மட்டும் ஏன் உதவவில்லை?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான். ஓர் ஊரில் 1,000 பேர். அதில் உண்மையாகவே நோய் வந்து போனவர்கள் 10 பேர். சோதனை பத்துக்கு ஒன்பது பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயே வராத நூறு பேரில் இரண்டு பேரைத் தவறாக 'பாசிட்டிவ்' என்று சொல்லும். நல்ல சோதனைதானே? இப்போது எண்ணுங்கள். உண்மையில் வந்தவர்களில் 9 பேர் பாசிட்டிவ். வராத 990 பேரில் சுமார் 20 பேர் பாசிட்டிவ். மொத்தம் 29 தாள்களில் 'பாசிட்டிவ்'. அதில் உண்மை ஒன்பதுதான்!

புள்ளிவிவரக்காரர்களுக்கு இது பிரச்னை இல்லை. 'நூற்றுக்கு இரண்டு தப்பு' என்று தெரிந்திருப்பதால் அந்த இருபதைக் கழித்து, ஊரில் சுமார் பத்துப் பேருக்கு வந்து போயிருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த 29 பேரில் யார் அந்த ஒன்பது பேர் என்று அவர்களால் விரல் நீட்ட முடியாது. ஊர்க் கணக்குக்கும் தனி ஆள் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சரி, அதே ஊரில் 500 பேருக்கு நோய் வந்து போயிருந்தால்? 450 பேர் உண்மை, 10 பேர் தவறு. அப்போது தாளை நம்பலாம். அப்படியே நம்பினாலும் அது சொல்வது நேற்றைய சேதிதான். ஆன்டிபாடி நாளாக நாளாகக் குறையும். கிருமியும் தன் உருவத்தை மாற்றிக்கொண்டு வரும். 2021-ல் வந்த டெல்டா வகை அப்படி வந்ததுதான். என் நண்பர் 'பாசிட்டிவ்' என்ற வார்த்தையைக் கவசமாக நினைத்துக்கொண்டார். அது ஒரு தடயம் என்று நான் அன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். வெளியே காத்திருந்த பத்துப் பேர் இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்திருப்பார்கள்.

பாரிஸ் பையனுக்கும் சில வாரம் கழித்து 'ஆன்டிபாடி இருக்கிறது' என்றுதான் பதில் வந்தது. அவன் சந்தோஷமாகப் போன் பண்ணினான். "அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி ரூம் எல்லாம் இனி வேண்டாமே மாமா?" என்றான். அவன் அப்பாவுக்கு 78 வயது. "அந்தச் சீட்டு பிரான்ஸ் தேசத்துக்கு எழுதினது, உனக்கு எழுதினது இல்ல. நீ எப்பவும் போல ஜாக்கிரதையா இரு" என்றேன். அவனிடம் சொன்ன அதே வார்த்தையை இங்கே என் பக்கத்துத் தெருக்காரரிடம் சொல்லவில்லையே என்பதுதான் இன்று வரை உறுத்தல்.

வாசலுக்கு வந்து கேட்டால்?

2015-16ல் நான்காவது குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தபோது யூனியன் பிரதேசங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் காரைக்கால் மாவட்டமும் அதில் வந்தது. அப்போது திருநள்ளாறு பக்கம் எங்கள் உறவுக்காரர் வீட்டுக்கு இரண்டு பெண்கள் வந்தார்களாம். எச்.ஐ.வி. சோதனைக்கும் சேர்த்து ரத்தம் கேட்டிருக்கிறார்கள். வீட்டு மாமியாருக்கு வந்ததே கோபம்! "நம்ம வீட்டுல அந்த மாதிரி யாரும் இல்ல" என்று கதவைச் சாத்திவிட்டார். மருமகள் எனக்குப் போன் பண்ணி, "அத்தை செஞ்சது சரிதானே மாமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். 'அந்த மாதிரி யாரும் இல்லாத' வீடுதான் கணக்கெடுப்புக்கு மிகவும் தேவை. நல்ல குடும்பங்கள் எல்லாம் கதவைச் சாத்தினால் மறுபடி ஆஸ்பத்திரி வாசல் கணக்குதான் மிஞ்சும். அந்த எச்.ஐ.வி. சோதனையில் அட்டையில் பெயர் கிடையாது, ஓர் எண்தான் இருக்கும். முடிவை வீட்டுக்கும் சொல்லமாட்டார்கள், ஊருக்கும் சொல்லமாட்டார்கள். தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அரசு ஆலோசனை மையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அதே சமயம் உங்களுக்கும் உரிமை உண்டு. யார் நடத்துகிறார்கள், எதற்காக, பெயர் இருக்குமா, முடிவு யாருக்குப் போகும், மிச்ச ரத்தத்தை என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், கட்டாயம் கிடையாது. ஆனால் விவரம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

*தடுப்பூசி போட்டவருக்கு ஆன்டிபாடி சோதனை என்ன சொல்லும்?*

கொரோனா கிருமியின் வெளிமுள் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி, நோய் வந்தாலும் வரும், ஊசி போட்டாலும் வரும். உள்ளே இருக்கிற இன்னொரு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் பொதுவாக நோய் வந்திருக்கிறது என்று பொருள். ஆனால் கோவாக்சின் முழுக் கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது. அதனால் அதைப் போட்டவர்களுக்கு இந்த இரண்டாவது வகையும் வரலாம். தாளை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

*எச்.ஐ.வி.யில் ஆன்டிபாடி இருந்தாலும் 'வந்து போய்விட்டது' என்றுதானே அர்த்தம்?*

இல்லை. அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. அங்கே ஆன்டிபாடி உறுதியானால் கிருமி உள்ளே இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே சோதனையோடு முடிவு சொல்லாமல் மறு சோதனைகள் செய்து உறுதிப்படுத்துவார்கள். ஒரே வார்த்தைக்கு நோய்க்கு நோய் அர்த்தம் மாறும்.

*எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆன்டிபாடி இருந்தால்?*

பயப்பட வேண்டாம். தாயின் ஆன்டிபாடியே குழந்தைக்கு வந்திருக்கும். ஒன்றரை வயது வரைகூட அது தங்கலாம். அதனால் குழந்தையின் குதிகாலில் எடுத்த சொட்டைக் காகிதத்தில் காயவைத்து, கிருமியின் மரபுப் பொருள் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இந்தியாவில் 2010 முதல் இந்த வசதி உண்டு.

*கபசுரக் குடிநீர் குடித்தேன், அதனால்தான் ஆன்டிபாடி வந்ததா டாக்டர்?*

நான் சித்த மருத்துவன். என் கையாலேயே ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கபசுரக் குடிநீர் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆன்டிபாடி உண்டாவது கிருமியாலோ தடுப்பூசியாலோதான். குடிநீரைச் சோதனைத் தாளோடு முடிச்சுப் போடாதீர்கள்.

*சித்த மருத்துவத்தில் நாடி பார்த்தாலே போதாதா? ரத்தம் எதற்கு?*

எங்கள் எண்வகைத் தேர்வில் நாடி, தொடுஉணர்வு, நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர் எல்லாம் உண்டு. எட்டுமே எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைப் பற்றியவை. ஓர் ஊருக்கு நாடி பார்க்க முடியுமா? அதற்குத்தான் இந்தக் காய்ந்த சொட்டு. ஓர் ஆளுக்கு அவர் வைத்தியர். ஓர் ஊருக்கு ஆயிரம் அட்டைகள்.

நண்பருடைய கடையை இப்போது அவர் மகன் பார்த்துக்கொள்கிறான். கல்லாப் பெட்டிக்கு மேலே அப்பாவின் படம் மாட்டியிருக்கிறான். போன மாதம் நான் பனங்கற்கண்டு வாங்கப் போனபோது, அவன் அம்மா உள்ளேயிருந்து வந்தார். "அந்தத் தாளை இன்னும் பீரோவுலதான் வச்சிருக்கேன் டாக்டரய்யா. அதுல என்னதான் எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, இந்தக் கட்டுரையில் எழுதியதையெல்லாம் அவருக்கு நிதானமாகச் சொன்னேன். கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். உங்கள் கையிலும் அப்படி ஒரு தாள் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். அவர் அவசரமாக இருந்தாலும் விடாதீர்கள். "இது எனக்கு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை?" என்று இரண்டு கேள்வியும் கேட்டுவிட்டே எழுந்திருங்கள்.